தள்ளிவைக்கும் சொற்களைச் சேர்த்த வீர்சா

வீர்சாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவன் தொண்டையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அப்படியொரு தொண்டை! தெருவின் இந்தக் கோடியில் அவன் தும்மினால் அந்தக் கோடியில் கோழிகள் கலையும். அப்படிப்பட்டவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று ஊர் முடிவு செய்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

முழுப்பெயர் நெங்கா வீர்சா. எங்கள் பாலித் தீவில் நெங்கா என்றாலே இரண்டாவது பிள்ளை. விமான நிலையத்துக்கும் ஊருக்குமாகச் சுற்றுலாப் பயணிகளை வேனில் ஏற்றி இறக்குவது அவன் தொழில். வீடு என் சாப்பாட்டுக் கடைக்கு நேர் எதிரே. நான் பிறந்தது அருப்புக்கோட்டைப் பக்கம். சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் சலவை அறையில் வேலை பார்த்தபோது இந்த ஊர்க்காரன் சாத்ராவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன், இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. மகள் பெயர் தேவி என்பதால் ஊருக்கு நான் தேவியம்மா. என் சொந்தப் பெயர் என் புருஷனுக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

ஊரில் தொண்ணூறு குடும்பம். கல்யாணமோ கருமாதியோ கோயில் திருவிழாவோ, எதுவும் இங்கே ஒரு வீட்டுக் காரியம் கிடையாது, தொண்ணூறு வீட்டுக் காரியம். ஊர்ச்சபை மண்டபத்து மூலையில் ஒரு செங்கல் கோபுரம், அதன் உச்சியில் குடைந்த பலாமரக் கட்டை ஒன்று தொங்கும். அது மெதுவாக ஒலித்தால் கூட்டம். விட்டு விட்டு ஒலித்தால் சாவு. மூச்சு விடாமல் ஒலித்தால் ஆபத்து. எதுவானாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். வந்தவர் யார், வராதவர் யார் என்று கடைசியில் முர்த்தா புத்தகத்தை விரித்துப் பெயர் வாசிப்பான். முர்த்தா சபையின் எழுத்தர். அவன் பேனாவுக்கு இரக்கமே கிடையாது.

வீர்சா மூன்று முறை தொடர்ந்து வரவில்லை. மூன்று முறையும் விமான நிலையத்தில் யாருடைய பெயரையோ அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். ஊர்த்தலைவர் ஞோமன் தங்காஸ் சபையில் தன்மையாகத்தான் கேட்டார்.

"ஒரு கும்பிடு போட்டு, தப்புன்னு சொல்லிட்டுப் போயேன்பா. விஷயம் முடிஞ்சுது."

"விமானம் மூணு மணி நேரம் லேட்டுண்ணே. வந்து எறங்குறவனை நடுத்தெருவுல விட்டுட்டு ஓடி வரவா?"

"எல்லாருக்கும்தான் வேலை இருக்கு நெங்கா. கட்டை கூப்பிட்டா வரணும்."

வீர்சாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அந்தக் கட்டை என் வீட்டு அடுப்பை எரிக்குமாண்ணே? பொளந்து போட்டா வேணா எரியும்!"

அவ்வளவுதான். கடைசி வரிசையில் காபி ஊற்றிக்கொண்டிருந்த நான் கெண்டியைக் கீழே வைத்தேன். சாமிக்குப் போடுகிற துணியை இடுப்பில் கட்டி, நாள் தவறாமல் பூ வைக்கிற கட்டை அது. அதைப் போய்ப் பிளப்பேன் என்றால்?

அன்றே தீர்ப்பு. அவனிடம் யாரும் பேசக்கூடாது. அவன் சபைக்குள் கால் வைக்கக்கூடாது. கட்டையைத் தொடவே கூடாது. அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது. ஊர்ச் சுடுகாடும் அவன் வீட்டுக்குக் கிடையாது. மீறினால் மீறியவருக்கும் இதே கதி. எங்கள் ஊர்ப் பேச்சில் இதற்கு ஒரு பெயர் உண்டு, கஸெபெகாங். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே குரலைத் தணித்துக்கொள்வோம்.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று மாதம் நானும் வாயைத் திறக்கவில்லை. அவன் மனைவி ரெம்பென் உப்பு வாங்க வருவாள். சுவரைப் பார்த்துக்கொண்டே உப்பைப் பலகையில் வைப்பேன், அவள் தரையைப் பார்த்துக்கொண்டே எடுத்துப் போவாள். இப்போது நினைத்தாலும் எனக்கு நானே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆனால் வீர்சாவின் தொண்டை சும்மா இருக்குமா?

ஒரு நாள் மாலை வேன் வந்து நின்றது. குதித்து இறங்கி ஓடி வந்தான். எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் சண்டைச் சேவல்களை மூங்கில் கூடையில் கவிழ்த்து வைத்திருப்போம், வேடிக்கை பார்த்துப் பழகட்டும் என்று. தன் சிவப்புச் சேவலின் கூடைக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான்.

"டேய் சிவப்பா! இன்னிக்குக் கிரேக்க நாட்டுக்காரங்க ரெண்டு பேர் ஏறுனாங்கடா. எங்க ஊர்ல என்னைத் தள்ளி வெச்சிருக்காங்க, உங்க ஊர்ல இதுக்கு என்ன சொல்லுவீங்கன்னு கேட்டேன். அந்தக் காலத்துல ஒடைஞ்ச பானை ஓட்டுல பேரைக் கீறிப் போடுவாங்களாம்! எவன் பேருக்கு ஓடு ஜாஸ்தியோ அவன் பத்து வருஷம் ஊருக்குள்ள தலைகாட்டக் கூடாது. ஓட்டுக்குப் பேரு ஓஸ்த்ராகோன். தள்ளிவைக்கிறதுக்கும் அதுலருந்துதான் பேரு வந்துச்சாம். பத்து வருஷம் கழிச்சு வந்தா வீடு, நெலம் எல்லாம் வெச்ச எடத்துல அப்படியே இருக்குமாம்டா!"

தெருவே கேட்டது. கேட்காமல் இருக்க முடியாது, அந்தக் குரல் அப்படி. எனக்கு நாக்கு அரித்தது. அவனோடு பேசத்தானே தடை? நான் என் வாணலியைப் பார்த்தேன்.

"ஏ வாணலி, கேட்டியா? நம்ம ஊர்ல மட்டும் அந்த வழக்கம் இருந்தா ஒரு பானை மிஞ்சாது. அவனவன் பொண்டாட்டி பேரைக் கீறிப் போட்டுட்டு வந்துருவான்!"

கூடைக்கு முன்னால் ஒரு வெடிச் சிரிப்பு கிளம்பியது பாருங்கள்! மூன்று மாதம் அடக்கி வைத்த சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதன் பிறகு எங்கள் தெருவில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. அவன் சேவலிடம் சொல்வான். நான் வாணலியிடம் சொல்வேன். சாத்ரா தன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே அதனிடம் பேசுவான். அடுத்த வீட்டுக்காரி பன்றியிடம். மாலை நாலரை ஆனால் தெருவில் ஆளாளுக்கு ஏதாவது வேலை முளைத்துவிடும். இன்று எந்த நாட்டு வார்த்தை, எந்த நாட்டு வார்த்தை என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். தலைவர் தங்காஸ் கூட விடாமல் என் கடைக்கு வந்து, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காபி குடிப்பார். காபிக்கு வந்தாராம்! அவர் வீட்டில் இல்லாத காபியா?

"அயர்லாந்துல ஒருத்தன் பேரே வார்த்தையாயிடுச்சுடா சிவப்பா! பாய்காட்னு ஒரு பண்ணை மேஸ்திரி. குத்தகைக்காரங்களை வெரட்டப் பார்த்தான். ஊரே சேர்ந்து அவனுக்கு அறுக்க மாட்டோம், சாமான் விக்க மாட்டோம், கடுதாசி கூடக் கொடுக்க மாட்டோம்னுட்டாங்க. இப்போ ஒலகம் பூரா அவன் பேரைத்தான் சொல்லுதாம்!"

சாத்ரா மோட்டார் சைக்கிளைத் தட்டினான். "கேட்டியா வண்டி? நாளைக்கு எவனையாவது தள்ளி வெச்சா, அவனை வீர்சா பண்ணிட்டாங்கன்னு சொல்லப்போறாங்க."

வீர்சாவுக்கு அன்று பெருமை தாங்கவில்லை. ஸ்வீடனில் உறைய வைத்து வெளியேற்றுவது என்பார்களாம், பனி உள்ள ஊர் அல்லவா. ஸ்பானியர்கள் ஒருவனைச் சுற்றி வெற்றிடம் உண்டாக்குவது என்பார்களாம். ரோமாபுரியில் நெருப்பும் தண்ணீரும் மறுப்பது என்றே பெயராம். ஜோகூரிலிருந்து வந்த மலாய்க்காரர் சொன்னதுதான் அவனைத் துள்ள வைத்தது. அவர்கள் பேச்சில் தீவாக்கிவிடுவது என்று சொல்வார்களாம். "நாமளே தீவுலதான்டா இருக்கோம்! தீவுக்குள்ள நான் ஒரு தீவு!" என்று கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தான். எல்லாவற்றையும் வேன் நிறுத்தும் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்தான். எங்கள் ஊர்ச் சொல்லை மட்டும் எழுதவில்லை.

என் பங்குக்கு நானும் கொடுத்தேன். "ஏ வாணலி, எங்க பக்கம் ஊர் வெலக்குன்னு சொல்லுவோம். பெரிய ரோட்டுலருந்து சின்ன ரோடு பிரியுற எடத்துக்கும் வெலக்குன்னுதான் பேரு. வெலக்கு எறங்குன்னு கண்டக்டர் கத்துவான்."

அவன் கரித்துண்டோடு கொட்டகை வாசலில் நின்றான். "சிவப்பா, அந்தச் சின்ன ரோடு சுத்திக்கிட்டு மறுபடி பெரிய ரோட்டுல வந்து சேருமான்னு கேட்டுச் சொல்லுடா."

வாணலியில் எதையோ கருகவிட்டேன்.

ஏன் அப்படிக் கேட்டான் என்று எனக்குத் தெரியும். அவன் அப்பா எண்பத்திரண்டு வயதில் பக்கவாதத்தோடு பின்கட்டில் படுக்கையில் கிடந்தார். காது மந்தம், தெருப் பேச்சு எட்டாது, கட்டைச் சத்தம் மட்டும் எப்படியோ எட்டிவிடும். மகனைத் தள்ளி வைத்திருப்பது அவருக்குத் தெரியாது, சொல்லாமல் மறைத்திருந்தார்கள். கட்டை ஒலித்தால் போதும், "நெங்கா, கூப்பிடுறாங்கடா, கெளம்பு" என்பார். வீர்சா தலைப்பாகை கட்டி, இடுப்புத் துணி சுற்றி, "வர்றேன்ப்பா" என்று கிளம்புவான். நேரே கொட்டகைக்குப் போவான். கரிச்சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பான். பிறகு உள்ளே போய், "போயிட்டு வந்தேன்ப்பா. எல்லாரும் உங்களைக் கேட்டாங்க" என்பான். ஒரு வருடம் முழுக்க இதை நான் கடையிலிருந்து பார்த்தேன். அந்த மனிதர் இறந்தால் தூக்க நாலு தோள் இல்லை, எரிக்க ஆறடி மண் இல்லை. நாக்குத் திமிருக்கு ஒரு தண்டனை வேண்டும்தான். ஆனால் இதுவா? எனக்கு ஊர்மேலும் கோபம், அவன்மேலும் கோபம், அப்போதெல்லாம் கண்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன்.

அந்த வாரம் ஒரு ஜப்பான்காரப் பெரியவர் ஏறினார். அன்று மாலை வீர்சா ஓடி வரவில்லை, நடந்து வந்தான். கத்தவும் இல்லை.

"முராஹாச்சிபுன்னு சொல்றாங்கடா சிவப்பா. ஊர்க் காரியம் பத்துன்னா எட்டுல சேர்க்க மாட்டாங்களாம். ரெண்டுக்கு மட்டும் கதவு தொறந்திருக்கும். தீப்பிடிச்சா வருவாங்க. செத்தா தூக்குவாங்க. எவ்வளவு கோவம் இருந்தாலும் அந்த ரெண்டையும் மூட மாட்டாங்களாம்."

பன்றி, வாணலி, மோட்டார் சைக்கிள், எதனிடமும் அன்று யாரும் பேசவில்லை. தங்காஸ் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

நாலு நாள் கழித்து. உச்சி வெயில். மழை பார்த்து மூன்று மாதம், தென்னந்தோகை தொட்டால் நொறுங்கும். நான் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். வீர்சா வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். திடீரென்று கத்தினான்.

"தீ! தீ! தீடா!"

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் சிரித்தேன். "ஏ வாணலி, அவரு இன்னும் ஜப்பான்லருந்தே எறங்கலை போல" என்றேன். அடுத்த வீட்டுக்காரி பன்றியிடம், "இன்னிக்கு மத்தியானமே ஆரம்பிச்சுட்டாரு" என்றாள். சாத்ரா தின்பண்டத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் புரண்டு படுத்தான். ஒரு வருடமாக அவன் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, அவன் கத்தினால் வேடிக்கை என்று எங்கள் காது பழகிவிட்டிருந்தது. வெளியே எட்டிப் பார்க்கக்கூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை!

அவன் தெருவில் அங்குமிங்கும் ஓடினான். "மெய்யாவே தீ! தங்காஸ் அண்ணன் வீடு! யாராவது வாங்க!" யார் வருவது? அவனுக்குப் பதில் சொல்லத்தான் கூடாதே.

பிறகு காலடி ஓசை மண்டபத்துப் பக்கம் போனது. அடுத்த நொடி...

கட்டை!

மூச்சு விடாமல், இடைவெளி இல்லாமல், காது கிழிய! என் கையிலிருந்து குழவி விழுந்தது. சாத்ரா இடுப்பில் துணியை இறுக்கிக்கொண்டே பாய்ந்தான். எல்லா வாசலிலிருந்தும் வாளி, குடம், அரிவாள். வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஆண்கள். அப்போதுதான் பார்த்தோம், தங்காஸ் வீட்டுக் குலசாமி மாடத்தின் பனைநார்க் கூரை திகுதிகுவென்று எரிகிறது. காலைப் படையலின் ஊதுவத்தி நெருப்பு தேங்காய் மட்டைக் குவியலில் விழுந்திருக்கிறது. அங்கிருந்து நாலே எட்டில் அவர் மருமகள் பன்னிரண்டு நாள் குழந்தையோடு தூங்கும் அறை.

"புள்ளையை வாங்கு, புள்ளையை வாங்கு!"

"வாழை மட்டையை வெட்டிப் போடு!"

"கெணத்துலருந்து வரிசை நில்லுங்கடா!"

குழந்தை என் கைக்கு வந்தது. அதன் மேல் சாம்பல் பறந்து விழுந்தது, ஆனால் அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. நான் அதை மார்போடு அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதேன். தொண்ணூறு வீட்டுத் தண்ணீர் விழுந்து கூரை கரிக்கூடாக நின்றது. அறை தப்பியது. அதற்கப்புறமும் கட்டை நிற்கவில்லை. நெருப்பு அணைந்தது மேலே இருப்பவனுக்குத் தெரியவில்லை. சாத்ரா போய்க் கையைக் காட்டிய பிறகுதான் நின்றது.

யார் அடித்தது என்று அப்போதுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம்.

ஆபத்துக் கட்டைக்குப் பின் உடனே சபை கூட வேண்டும், பெயர் வாசிக்க வேண்டும். கரி முகங்களோடு எல்லோரும் மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். வீர்சா கோபுரத்திலிருந்து இறங்கி மண்டபத்துக்கு வெளியே நின்றான். உள்ளங்கை கிழிந்து ரத்தம். கொட்டுக்கழி இன்னும் கையில்தான் இருந்தது, வைக்க மறந்துவிட்டான்.

முர்த்தா புத்தகத்தை விரித்தான். பேனாவை எடுத்தான். வைத்தான்.

"தலைவரே, எனக்கு ஒரு சந்தேகம். தள்ளி வெச்சவன் தொட்டா கட்டை தீட்டு. அவன் அடிச்சது ஊர் அழைப்பே இல்லை. அப்படின்னா இங்க யாருமே அழைப்புக்கு வரலை, நான் பேர் வாசிக்க முடியாது. இல்லை, அது ஊர் அழைப்புதான், நாம எல்லாரும் வந்தோம்னா, அடிச்சவன் ஊர்க்காரனாத்தான் இருக்கணும். ரெண்டுல எதை எழுதட்டும்?"

அந்தப் பேனாவை அன்றுதான் எனக்கு முதல்முறை பிடித்தது.

தங்காஸ் தரையைப் பார்த்தார். வெளியே வீர்சா மெல்ல நகர்ந்து, யார் வீட்டுச் சேவலோ மண்டபத்து ஓரம் கூடைக்குள் இருந்தது, அதன் முன்னால் குத்த வைத்தான். நேராகப் பேச அவனுக்கு உரிமை இல்லையே.

"சேவலே," என்றான். "மேல ஏறினதும் மொதல்ல கட்டையைக் கும்பிட்டேன். பொளந்து எரிப்பேன்னு சொன்னது தப்புன்னு சொல்லிட்டுத்தான் கழியை எடுத்தேன். இதை அவங்ககிட்டச் சொல்லிடு. ஜப்பான்ல ரெண்டு கதவை மூட மாட்டாங்கன்னேன். தீக்கு நான் வந்துட்டேன். சாவுக்கு அவங்க வருவாங்களான்னு மட்டும் கேளு. எனக்கு வேண்டாம். எங்கப்பனுக்கு. அவருக்கு இன்னும் விஷயமே தெரியாது."

தங்காஸ் எழுந்தார். படி இறங்கி வந்து, கூடைக்கு இந்தப் பக்கம் அவரும் குத்த வைத்தார். மீசையில் சாம்பல்.

"சேவலே, உங்கிட்டப் பேசுறவன்கிட்டச் சொல்லு. ஒரு வருஷமா நானும் தெனம் வந்து கேட்டேன். ஓடு, தீவு, வெற்றிடம், எல்லாம் கேட்டேன். கேட்டுட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு எறங்காம படுத்தேன். நானே வெச்ச தீர்ப்பை நானே எடுத்தா ஊர் என்ன சொல்லுமோன்னு..." நிறுத்தினார். தலையை ஒரு உதறு உதறினார். "சீ, சேவல்கிட்ட என்ன பேச்சு! நெங்கா! எந்திரி. உள்ள வா."

திரும்பி மண்டபத்தைப் பார்த்து, "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்றார். அவர் கேட்ட விதத்துக்கு, ஆட்சேபம் இருந்தாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இல்லை என்பது வேறு விஷயம்.

முர்த்தா பெயர் வாசித்தான். ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்றார்கள். கோடு போட்டு அடித்திருந்த பெயருக்குப் பக்கத்தில் அவன் புதிதாக எழுதுவதை எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

"நெங்கா வீர்சா."

பதில் இல்லை. தெருக்கோடிக் கோழியைக் கலைக்கிற தொண்டைக்கு அன்று சத்தம் வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினான். மண்டபமே சேர்ந்து கத்தியது.

"இருக்கான்!"

மூன்று வாரம் கழித்து அவன் அப்பா போய்ச் சேர்ந்தார். அதற்குள் கட்டை இரண்டு முறை கூட்டத்துக்கு ஒலித்தது. இரண்டு முறையும் தலைப்பாகை கட்டிக்கொண்டு கிளம்பியவன் கொட்டகையைத் தாண்டிப் போனான். திரும்பி வந்து, "எல்லாரும் உங்களைக் கேட்டாங்கப்பா" என்றான். இம்முறை உண்மையாகவே கேட்டிருந்தோம்.

விட்டு விட்டு ஒலித்த கட்டையைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு, அரிசியும் வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன். பாடையின் முன் மூங்கிலுக்குத் தங்காஸ் தோள் கொடுத்திருந்தார். வாசல் நிறைந்து, முற்றம் நிறைந்து, கொட்டகைக்குள்ளும் கரிச்சுவரில் முதுகு உரச ஆட்கள். எட்டிப் பார்த்தேன், கால் வைக்க இடமில்லை. தெருவிலேயே நின்றேன். வெளியே நிற்க நேர்ந்ததற்காக என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.